நீ மங்கலாக்கிய பச்சை

மகனே,

வருகிற ஞாயிற்றுக்கிழமை நெய்வேலிக்கு வருகிறேன் என்று நீ போனில் சொன்னபோது, சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். என்னம்மா, சந்தோஷமே இல்லையா என்று கேட்டாய். இல்லை. நீ என்னைப் பார்க்கவா வருகிறாய்? ஆர்ச் கேட்டைத் தாண்டி காடாம்புலியூர் போகிற ரோட்டில் அந்த பில்டர் கட்டி முடித்திருக்கும் இரண்டாவது அபார்ட்மென்ட்டைப் படம் எடுக்க வருகிறாய். முதல் அபார்ட்மென்ட்டுக்கு நீ எடுத்துக் கொடுத்த படம் இப்போது என் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன். குமட்டுகிறது எனக்கு. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நேரில் சொன்னால் பாதியிலேயே க்ளையன்ட் கூப்பிடுகிறார் என்று எழுந்து போய்விடுவாய். கடிதம் என்றால் முடிகிறவரை நீ உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

ஜைத்தூன் அக்கா யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், மறந்துபோன மாதிரி தெரிகிறது. உன் அப்பா போன பிறகு கம்பெனியில் எனக்கு போட்டோ செக்ஷனில் வேலை போட்டுக் கொடுத்தார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு நான் மைன்ஸுக்குள் இறங்கிவிட்டால் எப்போது திரும்புவேன் என்று எனக்கே தெரியாது. நம் குவார்ட்டர்ஸ் சாவி பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காவிடம்தான் இருக்கும். சாவியோடு நீயும் அங்கேதான் இருப்பாய். தேங்காய்ப்பால் ஊற்றாவிட்டால் இடியாப்பத்தைத் தொடமாட்டாய் என்பது எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். உனக்குப் பொன்னுக்குவீங்கி வந்தபோது, சுரங்கத்து மண் ஓடுகிற பெல்ட் செக்ஷனில் ராத்திரி வேலை முடித்து வந்த அக்கா வீட்டுக்காரர் ரஹமத்துல்லா அண்ணன் தூங்காமல் உன்னை சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனார். நீ அவரைப் பெரியப்பா என்றாய், அக்காவைப் பெரியம்மா என்றாய். யாரும் சொல்லிக்கொடுத்து நீ அப்படிக் கூப்பிடவில்லை.

அண்ணன் ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டி வந்தது. இந்த டவுன்ஷிப்பில் வாழ்ந்தவர்களின் லட்சணம் உனக்குத் தெரியும். எல்லா வீடும் ஒரே அச்சு. வீட்டை நாம் தேடுவதில்லை, அலாட்மென்ட் ஆகும். குழாய் ஒழுகினால் கம்ப்ளெயின்ட் எழுதிப் போட்டால் ஆள் வருவான். கொல்லைப்பக்கம் போகிற சாக்கடை எங்கே போய் முடிகிறது என்று இங்கே ஒருத்தரும் ஆயுசில் யோசித்தது கிடையாது. அப்படிப்பட்ட மனுஷர்கள் தலை நரைத்த பிறகு வெளியே போய் முதல் தடவையாக வீடு வாங்கினால் என்னத்தைப் பார்ப்பார்கள்? அண்ணன் அந்த முதல் அபார்ட்மென்ட்டுக்குப் போய், கீழ்வீட்டு டைல்ஸைத் தட்டிப் பார்த்தார், சுவிட்சைப் போட்டுப் பார்த்தார், குழாயைத் திருகிப் பார்த்தார். கட்டடத்தின் ஒரு பக்கம் முழுக்கத் தகர ஷீட் அடித்து மறைத்திருந்தது. வேலை நடக்கிற இடம் என்றால் ஷீட் அடிக்கத்தானே செய்வார்கள் என்று வந்துவிட்டார். அவர் வாங்குகிற வீடு இருக்கும் மேல்மாடிப் படிக்கு இன்னும் கைப்பிடி வைக்கவில்லை, ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அதற்குப் பதிலாகத்தான் உன் படத்தைக் கொடுத்தார்கள். மாதிரிக்கு முன்னதாகவே முடித்து வைத்த மூலை வீட்டின் பால்கனி. இதே மாதிரிதான் உங்களுக்கும் என்றார்கள்.

அந்தப் படத்தை அண்ணன் முதலில் கொண்டுவந்து நீட்டியது என்னிடம். நம் பிள்ளை எடுத்தது என்று சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. நான் என்ன செய்தேன் தெரியுமா? பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சுவர்கள் நெட்டுக்குத்தலாக நிற்கின்றனவா, நிற்கின்றன. கேமராவை அண்ணாத்தாமல் ஷிஃப்ட் லென்ஸை மட்டும் ஒழுங்காக நகர்த்தியிருக்கிறான், கட்டடம் பின்னால் சாயவில்லை, கெட்டிக்காரன். வெள்ளை நாற்காலி, சின்ன மேசை, அதில் ஒரு கப். கப்பின் விளிம்பில் ஓடும் தங்கக் கோடுகூட எண்ணெய் தடவின மாதிரி மின்னுகிறது. கப்புக்குள் டீ இல்லை. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அப்போது அக்கா என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, பால்கனிக் கம்பிக்கு அந்தப் பக்கம் விரலை வைத்துக் கேட்டார்.

"இது என்னாடி இது, பச்சப்பசேல்னு?"

"பார்க்கா இருக்கும்க்கா," என்றேன் நான்.

பார்க். என் வாயால் சொன்னேன். அக்கா அந்த நிமிஷமே நாற்காலியை எங்கே போடுவது என்று முடிவு செய்துவிட்டார். குவார்ட்டர்ஸில் பால்கனி கிடையாது, சாயந்திரம் அங்கே உட்கார்ந்து கீரை ஆய்வேன் என்றார். ஊர்ப்பட்ட ஜனங்களில் எனக்குத்தான் அது தெரிந்திருக்க வேண்டும், எனக்குத்தான் தெரியவில்லை. என் மேல் எனக்கு வரும் அருவருப்பு உன் மேல் வருவதைவிட ஒன்றும் குறைவில்லை.

மழைக்காலம் முடிந்து அவர்கள் குடிபோனார்கள். ஹஜ்ரத் வந்து ஓதி, எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்து, வீடு நிறைய ஆள். இத்தனை பேர் இருக்கிற வீட்டில் பால்கனிக் கதவை மட்டும் ஏன் சாத்தி வைத்திருக்கிறார்கள் என்று நான்தான் போய்த் திறந்தேன். சீ, அந்த நாற்றத்தை எப்படி எழுதுவது? நேரே கீழே ஒரு குட்டை. தகர ஷீட் போய்விட்டிருந்தது. ரோட்டோரக் கோழிக்கடைகளின் கழிவும் ஹோட்டல்களின் சாக்கடையும் அதில்தான் வந்து விழுகின்றன. பலாப்பழ சீசனில் கடைக்காரர்கள் கரையோரம் கொட்டிய தோலும் நார்ச்சடையும் கறுத்து ஊறி நிற்கின்றன. தண்ணீர் மேல் ஆகாயத்தாமரை ஒரு இடம் விடாமல் படர்ந்து பச்சைப் பாயாகக் கிடக்கிறது. நீ எடுத்த பச்சை அதுதான். அக்கா வந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். விருந்தாளிகள் காதில் விழாமல் மெதுவாகச் சொன்னார்.

"உட்டுடுடி. நாங்க மூடிக்கினுதான் கெடக்கறோம். புள்ளைக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படும், நீ போன்ல ஒன்னும் கேட்டுக்கினு இருக்காத."

உன் மனசு கஷ்டப்படுமாம். அவர் கவலை அது.

நான் கேட்டேன். அன்றைக்கே கேட்டேன். நீ என்ன சொன்னாய்? "அது பின்னாடி அவுட் ஆஃப் ஃபோகஸ் ஆயிடுச்சும்மா, நான் கவனிக்கல" என்றாய். யாரிடம் சொல்கிறாய் இதை? கல்யாண மண்டபத்து முதலாளியிடம் சொல், நம்புவான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்த லென்ஸைத் தோளில் சுமந்தவளிடம் சொல்லலாமா? அகலமாகக் காட்சி பிடிக்கும் இந்த மாதிரி வைட் லென்ஸில் பின்னணி தவறிப்போய் மங்காது. அந்த லென்ஸின் சுபாவமே கிட்ட இருப்பதிலிருந்து தூர இருப்பதுவரை எல்லாவற்றையும் தெளிவாக அள்ளிக்கொண்டு வருவதுதான். சோம்பேறி எடுத்தாலும் வரும். குத்துமதிப்பாக ஃபோகஸ் வளையத்தைத் திருகி, வெளிச்சம் நுழையும் துளையைக் கொஞ்சம் சுருக்கினால் போதும், எதிர் மரத்தில் உட்கார்ந்திருக்கும் காக்கைவரை தெரியும். அதில் ஒரு குட்டையை மங்கலாக்க வேண்டுமென்றால் மெனக்கெட வேண்டும். துளையை முழுசாகத் திறக்க வேண்டும். கேமராவைக் கொண்டுபோய் கப்பை இடிக்கிற மாதிரி கிட்டே வைக்க வேண்டும். ஆட்டோ ஃபோகஸ் இல்லாத லென்ஸ் அது, கையால் வளையத்தைத் திருகித் திருகி, கப்பின் தங்கக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். உன் படத்தில் கோடு கூர்மை, நாற்காலி முதுகு பரவாயில்லை, கம்பி வரும்போதே இளகிவிட்டது, அதற்கப்பால் வெறும் பச்சை. அதோடு விட்டாயா? லென்ஸை வலப்பக்கம் நகர்த்தியும் இருக்கிறாய். கேமராவை அசைக்காமல், ஜன்னல் திரையைத் தள்ளுகிற மாதிரி படத்தை மட்டும் தள்ளி, குட்டையின் பெரும்பகுதியை இடது ஓரத்துக்கு வெளியே விட்டுவிட்டாய். தள்ள முடியாத மிச்சத்தைத்தான் மங்கலாக்கினாய். அவ்வளவையும் கவனிக்காமல் செய்தாயா? கண்ணை மூடிக்கொண்டு கோலம் போட்டேன், பன்னிரண்டு புள்ளியும் தானாகச் சேர்ந்துகொண்டது என்று சொல்வாய் போலிருக்கிறது.

நாம் இருவரும் இதைப் பற்றி முன்பு ஒருதரம் சண்டை போட்டிருக்கிறோம். பண்ருட்டி மண்டபத்தை நீ எடுத்த சமயம். தூண்கள் எல்லாம் தெளிவு, கடைசி வரிசை மட்டும் மங்கிச் சோடையாக இருக்கிறது என்றேன். கண்ணுக்குத் தெரியாதும்மா, அந்த அளவு மங்கலை ஏத்துக்கலாம்னுதான் புத்தகத்திலேயே இருக்கு என்றாய். புத்தகத்தில் இருப்பது வாஸ்தவம்தான். ஃபோகஸ் என்பது உண்மையில் ஒரே ஒரு தூரத்தில்தான் விழும், அதற்கு முன்னும் பின்னும் இருப்பதெல்லாம் நம் கண் மன்னித்துவிடுகிற மங்கல். ஆனால் யார் கண், எதற்காக மன்னிக்கிறது என்று ஒரு கேள்வி இருக்கிறது. மைன்ஸில் மழைக்குப் பிறகு மண்ணை வெட்டி எடுத்த சரிவுகளைப் படம் எடுக்கச் சொல்வார்கள். காலடியில் ஆரம்பிக்கும் விரிசல் மேலே போய் எங்கே முடிகிறது என்று அந்தப் படத்தை வைத்துத்தான் எஞ்சினியர்கள் பார்ப்பார்கள். கீழே ஆட்களை இறக்கலாமா வேண்டாமா என்று பேசுவார்கள். கிட்டே இருக்கும் கூழாங்கல்லும் தெரிய வேண்டும், தூரத்து பெல்ட் கம்பமும் தெரிய வேண்டும். அந்த பெல்ட்டடியில் ரஹமத்துல்லா அண்ணன் நிற்பார். ஏத்துக்கலாம் என்று நான் ஒருநாளும் படத்தைக் கொடுத்துவிட்டு வந்ததில்லை. பெரிதாக்கிப் பார்ப்பேன், சந்தேகம் இருந்தால் திரும்ப இறங்குவேன். ஷூவுக்குள் சேறும், தலைக்குள் வெயிலுமாக இறங்குவேன். அந்தச் சம்பளத்தில் படித்தவன்தான் நீ.

இதெல்லாம்கூடப் போகட்டும். பிழைப்புக்காகச் செய்தான், பில்டர் சொன்னதைத் தட்ட முடியவில்லை என்று என் மனசு உனக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டுதான் இருந்தது. பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. ஆனால் போன வாரம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அடுத்த வருஷம் எனக்கும் ரிட்டயர்மென்ட். நானும் இந்தக் குவார்ட்டர்ஸைவிட்டுப் போக வேண்டும். அக்கா வீடு முடிவானதும், அதே மாடியில் பக்கத்து வீடு காலியாக இருக்கிறதாம், நானும் எடுத்துக்கொள்கிறேன் என்று உன்னிடம் சொன்னேன். ஞாபகம் இருக்கிறதா? நீ யோசிக்கக்கூட இல்லை.

"அங்க உனக்கு வேணாம்மா. நீ என்கூட மெட்ராஸ் வந்துடு."

எவ்வளவு பூரித்துப்போனேன் தெரியுமா அன்றைக்கு? பிள்ளை தன்னோடு வந்து இருக்கச் சொல்லிவிட்டான் என்று மார்க்கெட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஜைத்தூன் அக்கா கண்ணில் தண்ணி வைத்துக்கொண்டு, குடுத்து வச்சவடி நீ என்றார். இப்போது புரிகிறது. உனக்கு அப்போதே எல்லாம் தெரியும். அந்த வீட்டில் மனுஷர் இருக்க முடியாது என்று தெரியும். என்னை மட்டும் நைசாக இழுத்து ஓரத்தில் வைத்துவிட்டு, பெரியம்மாவை உள்ளே போகவிட்டாய். ஒரு வார்த்தை, ஒரே ஒரு போன், பெரியம்மா அது வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவர் ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டார். தூ. என் மேல் நீ வைத்த அந்தப் பாசத்தை நினைத்தால் எனக்கு அந்தக் குட்டையில் கை விட்ட மாதிரி இருக்கிறது. எத்தனை சோப்புப் போட்டாலும் போகவில்லை. நான் மெட்ராஸுக்கு வரமாட்டேன். வடலூர் பக்கம் எங்காவது ஒரு ஓட்டு வீட்டில் இருந்துகொள்வேன், கொல்லைப்பக்கம் எங்கே தண்ணீர் போகிறது என்று நானே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு.

சும்மா அழுதுகொண்டு உட்காரவில்லை நான். நீ விட்டுவிட்டுப் போன பழைய கேமராவைத் துடைத்து எடுத்தேன். என் பழைய ஷிஃப்ட் லென்ஸை அதில் மாட்ட ஒரு வளையம் வாங்கினேன். அக்கா வீட்டுக்குப் போய், பால்கனியின் ஒரு கோடியில் சுவரோடு ஒட்டி ஸ்டாண்டை நிறுத்தினேன். கேமராவைக் குனிய வைக்கவில்லை. மட்டம் பார்த்து நேராக வைத்து, லென்ஸை மட்டும் கீழே இறக்கினேன், சுவரும் சாயாது, குட்டையும் முழுசாக உள்ளே வரும். நகர்த்தி முடித்த பிறகுதான் ஃபோகஸ். முதலில் ஃபோகஸ் செய்துவிட்டு அப்புறம் நகர்த்துகிறவர்கள் ஓரங்களில் ஏமாந்துபோவார்கள். துளையைப் பதினொன்று எண்ணுக்குச் சுருக்கினேன். இருபத்திரண்டுவரை சுருக்கினால் இன்னும் தெளியும் என்று புதுசாக வருகிறவர்கள் நினைப்பார்கள், அதற்குள் படம் மொத்தமும் கூர்மை போய்ச் சோர்ந்துவிடும். லென்ஸ் மேல் போட்டிருக்கும் கோடு, இங்கிருந்து இதுவரை தெளிவு என்று சொல்லும். அது கையகலப் படத்துக்குப் போட்ட கணக்கு, பெரிய பிரிண்டில் பல் இளித்துவிடும். அதனால் பதினொன்றில் எடுத்துக்கொண்டு, அதைவிடக் கண்டிப்பான ஐந்து புள்ளி ஆறுக்கான கோட்டைப் பார்த்து ஃபோகஸைத் திருப்பினேன். நாற்காலியிலிருந்து அக்கரைவரை விழுந்தது. திரையில் பெரிதாக்கி நான்கு மூலையும் பார்த்தேன். அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னேன். சிரிக்கணுமாடி என்று கேட்டார். வேண்டாம் அக்கா, எப்படி உட்கார முடிகிறதோ அப்படி உட்கார் என்றேன். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

படம் எப்படி வந்திருக்கிறது தெரியுமா? அக்கா கைச்சுருக்கம் தெரிகிறது. கம்பியில் தெறித்த பெயின்ட் துளி தெரிகிறது. பலாத்தோல் தெரிகிறது, அதன் முள் தெரிகிறது, அதில் மொய்க்கும் ஈ தெரிகிறது. கோழி இறகு தெரிகிறது. அக்கரையில் நீ ஞாயிற்றுக்கிழமை வந்து எடுக்கப்போகிற இரண்டாவது கட்டடம் தெரிகிறது, அதே குட்டையைப் பார்த்து வரிசையாகத் திறந்திருக்கும் அதன் பால்கனிகள் தெரிகின்றன. நான் எடுத்ததிலேயே சுத்தமான படம் அதுதான். பண்ருட்டியில் கொடுத்து ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி வாங்கி வந்திருக்கிறேன். அண்ணன்தான் பஸ்ஸில் பிடித்துக்கொண்டு வந்தார்.

அந்த இரண்டாவது கட்டடத்தில் வீடு பார்க்க நம் டவுன்ஷிப் ஆட்கள்தான் வருவார்கள். இந்த வருஷம் ரிட்டயர் ஆகிறவர்கள், குழாயைத் திருகிப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போகிறவர்கள். உன் படத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, இது நம்ம போட்டோ செக்ஷன் அம்மாவோட பையன் எடுத்தது என்று சொல்லிக்கொள்வார்கள். அதை நான் நடக்கவிட மாட்டேன். நீ வேலையை வேண்டாம் என்று சொல்லலாம். இல்லை, வந்து குட்டையோடு சேர்த்து எடுத்து பில்டர் கையில் கொடுக்கலாம், அவன் வாங்கிக்கொள்கிறானா பார். இரண்டும் முடியாது என்றால் வந்து உன் வழக்கப்படியே எடு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வா. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அந்தக் கட்டடத்தின் முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிடுவோம். வாசலுக்கு வலப்பக்கம் ஜைத்தூன் அக்கா உட்காருவார், இடப்பக்கம் நான், என் பக்கத்தில் நிமிர்த்தி வைத்த அந்தப் படம். லென்ஸை வலது பக்கம் நகர்த்தினால் அக்கா வருவார், இடது பக்கம் நகர்த்தினால் நான் வருவேன். எதையாவது கிட்டே கொண்டுவந்து வைத்து, துளையை முழுசாகத் திறந்தால் நாங்கள் இருவரும் மங்கிப்போவோம். பெற்றவளையும் சோறு போட்டவளையும் அப்படி மங்கலாக்க உன் கை வந்தால் எடுத்துக்கொள். நாங்கள் எழுந்திருக்க மாட்டோம்.

மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில். நீ வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து இடியாப்பத்துக்கு மாவு இடித்துக்கொண்டிருக்கிறார், தேங்காய்ப்பாலும் உண்டு. இலையை மட்டும் பால்கனியில் போடச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா